வாசல் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

(அண்ணாமலை நகரில் மாணவர்களும் ஊழியர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



மெட்ரிகுலேஷனோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆசாமி, கம்ப்யூட்டர் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான சந்தேகம்தான். நமக்கு ப்ரோக்ராம் எழுதத் தெரியாது. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பகுதி வாலிபர்கள் பொங்கலுக்கு ஊர் வந்தபோது, நாம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார்கள். அவர்களிடம் கற்றதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

நாம் ஏன் கேட்கத் தொடங்கினோம்? சில மாதங்களுக்கு முன் ஒரு விவசாயக் கூலித் தாய், மகள் படிப்புக்கு ஒரு சான்றிதழ் வேண்டுமென்று நம்மைத் துணைக்கு அழைத்தார். ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாளும் அதே பதில். மூன்று நாள் கூலி போயிற்று. பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார்: "உள்ளே யந்திரம் நன்றாகத்தான் இருந்தது. கடைசித் தேதி நெருங்கியதால் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்தார்கள். முன்னால் இருக்கும் வாசல் அடைத்துக்கொண்டது."

அந்த வாசலின் பெயர்தான் ஏ.பி.ஐ. கேட்வே. இதில் புதிது புதிதாக ஏன் வந்துகொண்டிருக்கிறது? பழையதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறதே, இது வெறும் பேஷனா? நம் வாலிபர்கள் சலிப்போடு கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை காண்போம்.

வாசல் செய்யும் வேலை

ஒரு ப்ரோக்ராம் இன்னொரு ப்ரோக்ராமிடம் ஒரு விவரத்தையோ வேலையையோ கேட்பதற்கென்று வகுத்துவைத்த முறைக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அப்படி வரும் வேண்டுகோள்களை முதலில் எதிர்கொள்வது கேட்வே.

சம்பா அறுவடைக் காலத்தில் நம் பகுதி நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் என்ன நடக்கிறது? கொண்டுவந்தவர் யார், சிட்டா அடங்கல் சரியா என்று பார்க்கிறார்கள். டோக்கன் கொடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். ஈரப்பதம் வழக்கமான வரம்பான 17 சதவிகிதத்தைத் தாண்டினால் நிறுத்துகிறார்கள். எடை போட்டுக் கணக்கு எழுதுகிறார்கள். மூட்டைகளை உரிய கிடங்குக்கு அனுப்புகிறார்கள். கேட்வே செய்வதும் இதே வேலைகள்தான். ஆளை அறிவது, அளவாக உள்ளே விடுவது, வந்ததைச் சோதிப்பது, உரிய இடத்துக்கு அனுப்புவது, கணக்கு வைப்பது.

திறந்த மூல கேட்வே என்றால், அதை எழுதிய மூல வாசகம் பகிரங்கமாக இருக்கும். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம்.

வீராணம் தரும் பாடம்

பக்கத்திலுள்ள வீராணம் ஏரியை எடுத்துக்கொள்வோம். சோழர் காலத்து ஏரி. அதன் மதகுகள் வயல்களுக்குத் தண்ணீர் விடுவதற்கென்று அமைந்தவை. 2004-ல் புதிய வீராணம் திட்டம் வந்தது; சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வயல் மதகைத் திறந்துவிட்டால் தண்ணீர் சென்னை போய்ச் சேருமா? சேத்தியாத்தோப்பில் நீரேற்று நிலையமும், சுத்திகரிப்பு நிலையமும், 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாயும் வேண்டியிருந்தன.

பழைய மதகைக் கட்டியவன் விவரமில்லாதவனா? இல்லை. அவன் காலத்து வயலுக்கு அவன் மதகு சரி. தேவை மாறியது, ஆகவே வழியும் மாறியது. வயலுக்கு எவ்வளவு, பட்டணத்துக்கு எவ்வளவு என்ற வாக்குவாதமும் கூடவே வந்தது. இந்த இரண்டு விஷயங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம் பேர்

தொடக்கத்தில் ஒரு இணைய சேவை என்றால் உள்ளே ஒரே பெரிய ப்ரோக்ராம் இருந்தது. வாசலில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் ஊழியனை நிறுத்தும் முறை இருந்தது. நூறு பேருக்கு அது போதும். 1999-ல் டான் கெகல் என்ற பொறியாளர் ஒரு கேள்வியை முன்வைத்தார்: ஒரே யந்திரம் ஒரே சமயத்தில் 10,000 பேரைச் சமாளிப்பது எப்படி? ருஷ்யாவில் இகோர் சிசோயெவ் இதற்கு வழி கண்டு, 2004-ல் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார். டீக்கடை மாஸ்டர் ஒரு கிளாஸ் டீ கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாரா? அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். என்ஜின்எக்ஸ் அப்படி வேலை செய்தது. கூட்டம் பெருகியது, வாசல் மாறியது.

உள்ளே வீடு பிரிந்தது

அடுத்த மாற்றம் உள்ளே நிகழ்ந்தது. அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் கம்பெனியில் 2008-ல் தரவுத்தளம் பழுதாகி, 3 நாட்கள் டி.வி.டி. அனுப்ப முடியாமல் போயிற்று. ஒரே இடத்தில் எல்லாம் இருந்தால் ஒன்று விழுந்தால் எல்லாம் விழும் என்பது புரிந்தது. பெரிய ப்ரோக்ராமை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்தார்கள். இவைதான் மைக்ரோசர்வீஸ்கள். அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போனால் தபால்காரருக்கு வேலை கூடுவதுபோல, யாருடைய வேண்டுகோள் எங்கே போகவேண்டும் என்று பிரித்து அனுப்ப ஒரு புது வாசல் தேவைப்பட்டது. ஜூல் என்ற அந்த வாசலை 2013-ல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். அதுவும் ஒரு வேண்டுகோளுக்கு ஓர் ஊழியனை நிறுத்தும் முறையில் இருந்தது. கூட்டம் மேலும் பெருகவே, அதன் உள்ளமைப்பையே மாற்றி 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள்.

2015-ல் காங் வந்தது. என்ஜின்எக்ஸ் அஸ்திவாரத்தின்மேல், சுவரை இடிக்காமல் புதுப் பூட்டு, புதுத் தராசு என்று வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும்படி அமைத்தார்கள்.

கொழும்பில் நடந்தது

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று நினைக்கவேண்டாம். கடலுக்கு அப்பால் கொழும்பில் சஞ்சீவ வீரவரணவும் தோழர்களும் 2005-ல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். ஆரம்ப காலத்தில் அவர்கள் செய்தவற்றில் ஒன்று, பெரிய ஸ்தாபனங்களின் பல மென்பொருள்களை நடுவில் நின்று இணைக்கும் ஒரு பொதுப்பாதை. திறந்த மூலம்தான். ஆனால் அப்படிப்பட்ட பொதுப்பாதைகளில் காலப்போக்கில் ஒரு நோய் கண்டது. எல்லா விதிகளையும் கணக்குகளையும் நடுவிலேயே கொண்டுபோய்க் கொட்டினார்கள். வாசற்காரரே கிடங்கையும் நிர்வகிக்கத் தொடங்கினால் வரிசை நகருமா? சின்ன மாற்றத்துக்கும் நடுவில் கைவைக்க வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஏ.பி.ஐ.யைத் திறந்துவிடும் காலம் வந்ததும், அதே ஸ்தாபனம் 2012-ல் ஏ.பி.ஐ. மானேஜரை வெளியிட்டது. மைக்ரோசர்வீஸ்கள் பரவியதும், ஒரே பெரிய வாசலுக்குப் பதிலாகச் சேவைக்குச் சேவை பக்கத்திலேயே வைக்கக்கூடிய சிறிய வாசலைச் செய்தது. பிறகு அந்தச் சிறிய வாசலையும் என்வாய் என்ற மற்றொரு திறந்த மூல மென்பொருளின்மேல் மாற்றி அமைத்தது. ஒரே ஊர், ஒரே ஸ்தாபனம். இருபது வருஷத்துக்குள் இத்தனை வாசல்! பேஷனுக்காக எவரும் இவ்வளவு சிரமப்படமாட்டார்கள். பின்னால் உள்ள வீடு மாறியது, வாசல் மாறவேண்டியதாயிற்று.

விலாசம் நிலைக்காத காலம்

என்வாய் ஏன் வந்தது? 2013-ல் டாக்கர், 2014-ல் குபர்நெட்டீஸ் வந்தன. சேவைகளைக் கன்டெய்னர் என்ற சிறு பெட்டிகளில் அடைத்து, தேவைக்கேற்ப நிமிஷத்தில் நூறாகப் பெருக்கவும் பத்தாகக் குறைக்கவும் முடிந்தது. முன்பு ஒரு சேவைக்கு ஒரு நிலையான விலாசம் இருந்தது. அந்த விலாசங்களை ஒரு கோப்பில் எழுதி வாசலில் ஒட்டிவைத்தால் போதும். இப்போது விலாசம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் கோப்பைத் திருத்தி, வாசலைப் புதுப்பித்துக்கொண்டிருக்க முடியுமா?

லிப்ட் என்ற வாடகைக் கார் கம்பெனி 2016-ல் என்வாயைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே புது விலாசங்களைக் கேட்டு அறியும் சக்தி அதற்கு இருந்தது. 2019-ல் சீனாவிலிருந்து ஏபிஐசிக்ஸ் வந்தது. அதே வருஷம் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. விதி மாறினால் எல்லா வாசல்களுக்கும் அக்கணமே செய்தி போகும்படி அதை அமைத்தார்கள். 2023-ல் குபர்நெட்டீஸ் சமூகம் கேட்வே ஏ.பி.ஐ. என்ற பொது விதிமுறையின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. கட்டடம் தருபவர், அதை நிர்வகிப்பவர், சேவை எழுதுபவர் என மூன்று தரப்பாருக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தது. வேலைப் பிரிவினை மாறினால் அதிகாரப் பிரிவினையும் மாறித்தானே ஆகவேண்டும்?

இப்போது செயற்கை அறிவு யந்திரங்கள் வந்திருக்கின்றன. பழைய வாசல் எத்தனை வேண்டுகோள் என்று எண்ணியது. இங்கோ ஒரு வேண்டுகோள் பத்துச் சொல்லாகவும் இருக்கலாம், பத்தாயிரம் சொல்லாகவும் இருக்கலாம். செலவும் அதற்கேற்ப மாறும். மூட்டையை எண்ணினால் போதாது, எடை போடவேண்டும். ஆகவே அதற்கென்றும் கேட்வேக்கள் புறப்பட்டுவிட்டன.

வருகிற புதுசெல்லாம் அவசியம் என்று நாம் சொல்லவில்லை. வியாபாரக் கூச்சலும் உண்டு. புதிது ஒன்றைக் கண்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: பின்னால் எது மாறியதால் இது வந்தது? பதில் கிடைக்காவிட்டால் பழைய வாசலே போதும்.

சாவி யாரிடம்?

இனி வீராணத்தின் இரண்டாவது பாடம். 2016-ல் அபிஜீ என்ற கேட்வே கம்பெனியை கூகுள் 62 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2019-ல் என்ஜின்எக்ஸ் கம்பெனியை எப்5 என்ற கம்பெனி 67 கோடி டாலருக்கு வாங்கியது. கொழும்பு ஸ்தாபனத்தை 2024-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஈ.க்யூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. ஏன் இவ்வளவு விலை? எல்லோரும் கடந்துபோகும் இடத்தில் நிற்பவனுக்குச் சக்தி அதிகம்.

திறந்த மூலத்தின் பலம் இங்கேதான் தெரிகிறது. ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கு மென்பொருளின் உரிமை விதிகளை 2024-ல் அதன் கம்பெனி இறுக்கியது. உடனே, அதுவரை திறந்திருந்த மூல வாசகத்தை எடுத்து வால்கீ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். மூடிய வாசலாயிருந்தால் இது நடந்திருக்குமா? புதிய வாசல்கள் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமையாளன் மாறும்போது, உபயோகிப்பவர்கள் வேறு வழி தேடுகிறார்கள்.

நம் மத்திய சர்க்காரும் 2015-ல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையையும், திறந்த ஏ.பி.ஐ. கொள்கையையும் வெளியிட்டது. நல்லது. கொள்கை இருந்தால் மட்டும் போதுமா?

கைகள் வேண்டும்

குபர்நெட்டீஸ் உலகில் மிகவும் பரவலாக உபயோகித்த வாசல்களில் ஒன்று இங்ரெஸ் என்ஜின்எக்ஸ். 2025 மார்ச்சில் அதில் ஆபத்தான ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. நவம்பரில், 2026 மார்ச்சோடு பராமரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். காரணம் என்ன? உலகமெங்கும் எத்தனையோ ஸ்தாபனங்கள் நம்பியிருந்த அந்த வாசலை, வேலை நேரம் போக மீதி நேரத்தில், ஞாயிற்றுக்கிழமையில், ஓரிருவர்தான் பராமரித்து வந்தார்கள்! லாபம் கண்டவர்கள் ஏராளம். கைகொடுத்தவர்கள் மிகச் சிலர்.

திறந்த கிணறானாலும் தூர்வார ஆள் வேண்டாமா? அதற்குக் கூலி வேண்டாமா? மக்களுக்கான சேவைகளின் வாசலைக் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டு, அவர் போனபின் பூட்டைத் திறக்க ஆளில்லாமல் தவிப்பது கூடாது. அரசு அலுவலகங்களிலும் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் நிரந்தர ஊழியர்களாக இருக்கவேண்டும். மாணவ நண்பர்களே, நீங்கள் அந்த மூல வாசகங்களைப் படியுங்கள். ஒரு பிழையையாவது திருத்தி அனுப்புங்கள். உபயோகிப்பவர்களாக மட்டும் நின்றுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சிதம்பரத்தில் நின்றுகொண்டு வாசலைப் பற்றிப் பேசுபவர்கள் நந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்றே காலம் கழித்ததால் அவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர் வந்தது. தில்லையின் எல்லை வரை வந்தும் உள்ளே நுழைய அஞ்சி வெளியே நின்றார். "நாளைக்கு வாங்க" என்று மூன்று நாள் அலைந்த அந்தத் தாயை நாம் பார்த்தோம். கம்ப்யூட்டர் வாசலிலும் இன்னொரு திருநாளைப்போவாரை உண்டாக்கலாகாது. அந்த வாசல் அடைத்துக்கொண்டால் ஏன் என்று கேட்கவும், திறக்கவும் தெரிந்தவர்கள் இந்த அண்ணாமலை நகரிலிருந்தே புறப்பட வேண்டும்.