மாவட்டம் மாறியது, 635107 மாறவில்லை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம தேன்கனிக்கோட்டையின் பின்கோடு 635107. முதல் எண் 6 தமிழ்நாடு, கேரளப் பகுதியைக் குறிக்கும். முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் வட்டாரம். கடைசி மூன்று நம்ம தபாலாபீஸ். நாட்டில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டமானோம். மாவட்டம் மாறிச்சு, 635107 மாறலை.

இணையதளத்திலும் இப்படித் தபால் பிரிக்கும் வேலை உண்டு. அதுதான் ரூட்டிங். ஜாங்கோ போன்ற மென்பொருள், வருகிற முகவரியை விதிப்பட்டியலோடு மேலிருந்து கீழாக ஒப்பிடும். முதலில் பொருந்தும் விதிக்குரிய பக்கத்தைத் தரும். எதுவுமே பொருந்தலையா? 404, அப்படி ஒரு பக்கம் இல்லை.

என் தப்பைச் சொல்கிறேன். கல்வி உதவித்தொகைத் தளம் ஒன்றைச் சீரமைத்தபோது முகவரிகளை அழகாக மாற்றி, பழைய விதிகளை அழித்துவிட்டேன். பழைய முகவரியோ நோட்டீஸில் அச்சாகி ஊர் ஊராகப் போயிருந்தது! அஞ்செட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து விண்ணப்பிக்க உட்கார்ந்த மாணவிக்கு 404 வந்தது. ‘தேதி முடிஞ்சு போச்சு போல’ன்னு திரும்பிவிட்டாள். உண்மையில் இன்னும் நாலு நாள் இருந்தது. எனக்கு விஷயம் தெரிந்தபோது அதுவும் கடந்துவிட்டது.

பழைய முகவரிக்கு 301 என்று ஒரு வரி எழுதியிருந்தால், தளமே அவளைப் புதுப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கும். வீடு மாறுகிறவர் தபால்காரரிடம் சொல்லி வைப்பதில்லையா, அதுபோல.

மாணவச் செல்வங்களே, மாவட்டம், வருஷம், துறை என்று மாறக்கூடியதை முகவரியில் வைக்காதீர்கள். மாற்றித்தான் ஆகணும் என்றால், அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.