பாம்புக்கு ஏற்ற உறைவிடம்



பாம்பொன்றைப் பிடித்துக் கண்ணாடிப் போத்தலில் இட்டு வளர்க்கலாமா என்று கரம்பொன் மாணவர் சிலர் என்னை வினவுவதுண்டு. நாகமொன்று பூவைக் கவ்விக் கடல் நீந்தி நாகபூசணி அம்மனை வழிபட வந்தது என்னும் நயினாதீவுக் கதையைக் கேட்டு வளர்பவர்கள் அவர்கள். வேலியோரத்திற் சாரையைக் கண்டதும் தடியெடுப்பவர்களும் அவர்களே. அவர்களுக்குக் கூறும் விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகின்றேன்.

பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணியன்று. வெயிலிற் கிடந்து வெப்பம் பெறும். வெப்பம் மிகுந்தால் நிழலை நாடும். ஆதலின் அதன் உறைவிடத்தில் ஒரு பக்கம் வெதுவெதுப்பும் மறுபக்கம் குளிர்ச்சியும் இருத்தல் வேண்டும். நீர்த்தட்டும், ஒளிந்துகொள்ள இருண்ட பொந்தும், காற்றோட்டமும், தாழிட்ட மூடியும் இன்றியமையாதன. போத்தலில் இவற்றுள் எது உண்டு? வெயிலில் வைத்த போத்தலின் உள்ளே சூடு விரைவில் ஏறும். ஒதுங்க இடமில்லாத உயிர் வெந்து மடியும்.

இவ்வுண்மையை ஏட்டின் துணையின்றி அறிந்தவர்கள் தமிழ்நாட்டு இருளர்கள். பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் நின்றுபோகப் பிழைப்பிழந்த அம்மக்களுக்காக, ரோமுலஸ் விட்டேக்கர் என்பாரின் முயற்சியால், 1978ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது அமைந்தது. அங்கே பாம்பின் உறைவிடம் மண்பானையே. சிறிது மண் இட்டு, வாயைப் பருத்தித் துணியாற் கட்டுவர். மண்சுவர் குளிர்ச்சியைக் காக்கும்; துணி காற்றை விடும்; இருள் அச்சத்தைத் தணிக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கினமும் சில வாரங்கள் அவ்வாறு தங்கும். இடையிடையே நஞ்செடுத்தபின், மீண்டும் பிடிபட்டால் அறிதற்பொருட்டு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுவர். அப்பானை சிறையன்று, வழிப்போக்கன் தங்கிச் செல்லும் மடம் போன்றது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். இலங்கை நெடுங்காலமாக நம்பியிருப்பது இந்தியாவில் ஆக்கப்பெறும் விஷமுறிவு மருந்தையே. அதற்கு வேண்டிய நஞ்சிற் பெரும்பகுதி இருளர் எடுத்துக் கொடுத்தது. தீவகத்திலே கடியுண்டு யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு விரையும் கமக்காரனின் உயிர், எங்கோ ஒரு பானையிற் கிடந்த பாம்போடு தொடர்புடையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் இருளர் செய்வது அனுமதி பெற்ற தொழில். நமது பிள்ளைகள் விரும்புவது விளையாட்டு. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, நம் நாட்டுப் பாம்பினங்களிற் பெரும்பாலானவற்றைக் காக்கின்றது. எலியை உண்டு நெல்லைக் காக்கும் சாரைக்கு ஏற்ற உறைவிடம், அது வாழும் பற்றையும் வயல்வரம்புமே. அதனை அங்கேயே இருக்க விடுவோம். வீட்டருகே கல்லும் விறகும் பனைமட்டையும் குவியாமற் பார்ப்போம். இரவில் விளக்கின்றி நடவாதிருப்போம். கடித்துவிட்டால், கீறுதலும் இறுகக் கட்டுதலும் செய்யாது, உடனே வைத்தியசாலைக்குச் செல்வோம்.

அதனதன் இடத்தை அதற்கு விட்டுக்கொடுப்பதும் ஒரு கல்வியே.