கஞ்சிப் பதமும் பாகுநிலைப் பாடமும்

(வெள்ளகோவிலில் அறிவியல் ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்பில் பலபடி வேதியியல் நடத்துகிறோம். எட்டில் பாகுநிலை நடத்துகிறோம். இரண்டும் சந்திக்கும் இடம் நம் ஊர் சைசிங் மில்.

தேனையும் எண்ணெயையும் காட்டிப் பாகுநிலையை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "சார், கஞ்சி கெட்டியாப் போனாப் பாவு அந்து அந்து போகுதுன்னு எங்கப்பா சொல்றாருங்க. கெட்டியா இருந்தா நூலுக்குப் பலந்தானுங்களே?" என்றாள். அவள் அப்பா விசைத்தறியில் மீட்டர் கூலிக்கு நெய்பவர். இழை அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். அந்த வீட்டில் பாகுநிலை என்பது அரிசி, பருப்புக் கணக்கு.

பருத்தி நூல் கம்பி அல்ல. முறுக்கிய பஞ்சிழைகளின் கட்டு. உள்ளே நுண்ணிய இடைவெளிகள். ஆற்று மணலைப் போல அதுவும் ஒரு நுண்துளைப் பொருள்தான். பாவு இழைகளைச் சூடான கஞ்சியில் முக்கி, உருளைகளுக்கு இடையே பிழிகிறார்கள். கஞ்சி கொஞ்சம் உள்ளே இறங்கிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் மேலே நின்று பிசிறைப் படிய வைக்க வேண்டும். மிகவும் கெட்டியானால் உள்ளே பிடிப்பின்றி மேலேயே காய்ந்து, தறியின் உரசலில் உதிர்ந்துவிடும். நீர்த்துப்போனால் உள்ளே இறங்கிவிடும். பிசிறு அப்படியே நிற்கும். அவள் அப்பா சொன்னது சரி.

துளைகளுக்குள் நீர் பாய்வதற்கு 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி விதி தந்தார்: அழுத்தம் இருமடங்கானால் பாய்வும் இருமடங்கு. பலபடிக் கரைசல் இந்த நேர்விகிதத்துக்குக் கட்டுப்படாது. அதன் நீண்ட மூலக்கூறுகள் சிக்குண்ட நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். குறுகிய துளையில் இழுபடும். அகன்ற இடத்தில் மீண்டும் சுருளப் பார்க்கும். சுருள நேரம் கிடைப்பதற்குள் அடுத்த துளை வந்துவிட்டால், இழுபட்ட நிலையிலேயே ரப்பரைப் போலப் பின்னிழுக்கும். தேனுக்கு இந்தக் குணம் இல்லை. கெட்டித்தன்மை வேறு, மீள்தன்மை வேறு என்பதை வகுப்பில் நாம் பிரித்துச் சொல்வதே இல்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் பிரவுன், சுஜித் தத்தா இருவரும் இதைக் கண்ணால் பார்க்க வழி செய்தார்கள். கண்ணாடி மணிகளை நெருக்கி அடுக்கி, அதே ஒளிவிலகல் எண் கொண்ட கரைசலை உள்ளே செலுத்தினால் மணிகள் மறைந்துவிடும்; பாய்வு மட்டும் தெரியும். (ஒளிவிலகல் பாடத்துக்கும் ஆகும்.) மெதுவாகப் போகும் கரைசல்கூட, வேகம் ஓர் அளவைத் தாண்டியதும், சில துளைகளில் திடீர் திடீரெனக் கொந்தளித்தது. எதிர்ப்பு கூடியதற்கு அந்தக் கொந்தளிப்பே காரணம் என்று 2021-இல் எழுதினார்கள்.

ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் மங்களா எண்ணெய் வயல் இருக்கிறது. 2009-இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே பாறைத் துளைகளில் இருக்கும் எண்ணெயை வெறும் நீரால் தள்ளினால், நீர் சுலபமான வழியாக ஓடி எண்ணெயை விட்டுவிடும். அதனால் நீரில் பலபடியைக் கரைத்துச் செலுத்துகிறார்கள்.

முருங்கைக்குப் பேர்போன ஊர் நம்முடையது. ஆனாலும் வகுப்புச் சோதனைக்கு வெண்டைக்காய்தான் சரி. நறுக்கி நீரில் ஊறவைத்து, வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் துணுக்குகள் மணலை அடைத்து, வேறு எதையோ அளப்போம். அடி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, கழுவிய மணலை நிரப்புங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் இறங்கும் நேரத்தைக் குறித்து, பிறகு வெண்டைக்காய் நீரை ஊற்றுங்கள். காத்திருக்கும்போது பிள்ளைகள் அந்த நீரை விரலிடையே இழுத்துப் பார்க்கட்டும், தேனையும் இழுக்கட்டும். எது நூலாகி அறுந்ததும் சுருண்டு பின்வாங்குகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

கடைசியில் மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தடவையைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்; பிசின் மணலில் தங்கியிருக்கும். எண்ணெய் வயல் பாறையிலும் பலபடி இப்படித்தான் தங்குகிறது. மணலை அன்றே கொட்டிவிடுங்கள், மறுநாள் வகுப்பறையே நாறும்.