சாவுக்குக் கணக்கு எழுதியவர்கள்



ஒருவன் செத்துப்போனால் "அவன் கணக்கு முடிந்தது" என்கிறோம். அந்தக் கணக்கை எழுதினது யார்? எந்தப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது? இதற்கு எந்தச் சாஸ்திரியும் எந்தப் பாதிரியும் பதில் சொன்னதாக நமக்குத் தெரியவில்லை. ஆனால், இங்கிலாந்து தேசத்தார் மெய்யாகவே சாவுக்கு ஒரு கணக்கு எழுதினார்கள். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அத்தேசத்தில் 1801-ல் முதல் ஜனக்கணக்கு எடுத்தபோது, இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்ந்து சுமார் 89 லட்சம் பேர். 1851-ல் சுமார் 179 லட்சம். ஐம்பது வருஷத்தில் இரட்டிப்பு! பஞ்சாலைகளும் நீராவி யந்திரங்களும் கிராமத்தாரைப் பட்டணத்துக்கு இழுத்தன. 1851-ல் பாதிப்பேருக்கு மேல் பட்டணவாசிகள். அங்கே ஏழைக்குக் கிடைத்தது என்ன? காற்றில்லாத நிலவறை, வாசலில் மலக்குழி, அதன் பக்கத்திலேயே குடிதண்ணீர்.

முன்னெல்லாம் சர்ச்சுப் புஸ்தகத்தில் ஞானஸ்நானமும் அடக்கமும்தான் எழுதுவார்கள். 1837 முதல் சர்க்காரே பிறப்பையும் இறப்பையும், இறப்பின் காரணத்தையும் பதியலாயிற்று. 1842-ல் எட்வின் சாட்விக் என்பவர் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். மாஞ்செஸ்டரில் சாகும் வயதின் சராசரி, கனவான் குடும்பங்களில் 38. கூலிக்காரர் குடும்பங்களில் 17! ரட்லண்ட் என்னும் நாட்டுப்புற ஜில்லாவிலோ கனவானுக்கு 52, கூலிக்காரனுக்கு 38. எல்லோரும் 17-ல் செத்தார்கள் என்று அர்த்தமல்ல. மாஞ்செஸ்டர் கூலிக்காரரின் பிள்ளைகளில் 100-க்கு 57 பேர் ஐந்து வயதுக்குள் குழிக்குப் போனார்கள். அதனால்தான் சராசரி அவ்வளவு இறங்கிற்று. விதியை எழுதுகிறவனுக்கு ரட்லண்ட் கூலிக்காரனிடம் தயவு, மாஞ்செஸ்டர் கூலிக்காரனிடம் பகையா?

1832-ல் காலரா வந்தபோது, மார்ச்சு 21-ந் தேதி தேசமே உபவாசமிருந்து பிரார்த்திக்கும்படி உத்தரவாயிற்று. பிரார்த்தித்தும் 1848-ல் மறுபடி காலரா வந்தது. 1853-ல் எடின்பரோ பாதிரிமார்கள் மறுபடியும் உபவாச நாள் கேட்டார்கள். உள்நாட்டு மந்திரி பாமர்ஸ்டன், முதலில் ஏழைகளின் குடியிருப்பைச் சுத்தம் செய்யுங்கள் என்று பதில் எழுதிவிட்டார். 1854-ல் டாக்டர் ஜான் ஸ்நோ லண்டனில் வீடு வீடாய் விசாரித்து, ஒரு தெருவிலிருந்த கைப்பம்பின் தண்ணீரே ஜனங்களைக் கொன்றது என்று காட்டினார். பிறகு பெரிய சாக்கடைகள் கட்டப்பட்டன. 1866-ல் லண்டனைக் காலரா கடைசி முறையாகப் பெருவாரியாய்த் தாக்கியபோது, அதிகம் மாண்டவர்கள் யார்? சாக்கடை வேலை முடியாதிருந்த கிழக்கு லண்டன்வாசிகள். எமன் என்ன, இஞ்சினீயரின் பிளானைக் கையில் வைத்துக்கொண்டா வந்தான்?

இன்னும் கேளுங்கள். அத்தேசத்தில் 1900-ல் பிறந்த 1000 குழந்தைகளில் 150-க்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. 1950-ல் சுமார் 30 தான். இதற்குள் பிரம்மா கையெழுத்தை மாற்றிக்கொண்டாரா? இல்லை. தண்ணீர் மாறிற்று, பால் மாறிற்று, வீடும் வைத்தியமும் மாறின.

ஆகவே, தோழர்களே! இனி ஒரு குழந்தை செத்தால், "அது கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். அது குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.