கேள்வி கேட்க ஒரு கூட்டம்

(நாக்பூரில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓய்வு பெற்றவர்கள் பொழுதைப் பயனுள்ள முறையில் கழிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பில் எனக்கு ஒரு சின்ன ஆட்சேபணை. பொழுது தானாகவே கழிந்துவிடுகிறது. காலையில் சந்தியாவந்தனம், கொஞ்சம் நடை, செய்தித்தாள், பேரனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவது, வங்கி, மருந்துக் கடை, மாலையில் கோயில், இரவில் தொலைக்காட்சி. இதற்கே நேரம் போதவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தேன். கோப்பில் நாம் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புவோம். மேலதிகாரிக்கு உடன்பாடு இல்லையென்றால் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தால் அந்த நாளில் வயிறு கலங்கும். போய் நின்று, ஏன் அப்படி எழுதினேன் என்று காரணம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வார்த்தையின் அருமை தெரிகிறது. இன்று நாம் என்ன சொன்னாலும் பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள், அல்லது காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டும் ஒன்றுதான். "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று நம்மைக் கேட்க ஆள் இல்லை. அப்படிக் கேட்பதற்கென்றே ஓர் இடம் வேண்டும். அதைத்தான் படிப்பு வட்டம் என்கிறேன்.

நமக்குத்தான் உபந்யாசம் இருக்கிறது, பஜனை இருக்கிறது, பாராயணம் இருக்கிறதே என்பீர்கள். எல்லாம் நல்லவை, நானும் போகிறேன். ஆனால் உபந்யாசத்தில் ஒருவர் பேச இருநூறு பேர் கேட்கிறார்கள். பாராயணத்தில் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேள்வி கேட்டு, இருவரும் சேர்ந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது மூன்றாவது வகை.

ஒரு கேள்விக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதற்கு உ.வே. சாமிநாதையர் வாழ்க்கையே சாட்சி. 1880ல் கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் எத்தனையோ நூல்களைப் பாடம் கேட்டவர். அப்போது அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை. அந்தக் கேள்வியில் தொடங்கிய தேடல், சிந்தாமணியைப் பரம்பரையாக வாசித்துவந்த கும்பகோணத்து ஜைனர்களிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சமண சமயச் செய்திகளைத் தெரிந்துகொண்டு, 1887ல் நூலைப் பதிப்பித்தார். கேள்வி கேட்டவர் நம்மைப் போல் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர் என்பதை நினைவில் வையுங்கள்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் முற்றம் வட்டமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடிக் கம்பனை அனுபவித்துப் பேசுவார்கள். அதற்கு வட்டத்தொட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மேடையும் மாலையும் இல்லாத சபை அது.

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1973ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர், ஓய்வு பெற்றவர்களுக்காக மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்ற ஒன்றைத் தொடங்கினார். அங்கே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் பாடம் சொன்னார்கள். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகிய மூவரும் அதை எடுத்துக்கொண்டபோது ஒரு பெரிய மாறுதல் செய்தார்கள். பேராசிரியர் வேண்டாம், பரீட்சை வேண்டாம், பட்டம் வேண்டாம். உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்பிக்கட்டும், கற்பிக்கிறவரும் படிக்கட்டும் என்றார்கள். இன்று அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இது நடக்கிறது. வரலாறு, பறவைகள், சங்கீதம், அயல்மொழி என்று அவரவர் விருப்பப்படி சின்னச் சின்ன வட்டங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 2023 ஜூனில் எங்கள் காலனியில் நாங்கள் பதினோரு பேர் ஒரு வட்டம் தொடங்கினோம். செவ்வாய்க்கிழமை மாலை, முறை வைத்து ஒவ்வொருவர் அகத்திலும். நவம்பர் மாதத்தில் நான்கு பேர் மிச்சம். ஏன் அப்படி ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அது உங்களுக்கு உபயோகப்படும்.

வேலையை விட்டோமே தவிர நாற்காலியை விடவில்லை. முன்னாள் டைரக்டர் பேசும்போது முன்னாள் செக்‌ஷன் ஆபீசர் குறுக்கே பேசத் தயங்கினார். ஒருவர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்வார். மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிரசங்கம் முடிந்ததும் பேச்சு அரசியலுக்குப் போகும், கொஞ்சம் சூடாகும், அதோடு கலையும். ஆறு மாதத்தில் ஒருவர்கூட "எனக்குத் தெரியாது" என்று சொன்னதில்லை.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. எங்களில் ஒருவர், ஓய்வு பெற்ற இன்ஜினியர், எப்போதும் மூலையில் உட்காருவார். பேசமாட்டார், பேசினால் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். ஓரிருவர் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் வருவதை நிறுத்திவிட்டார். ரொம்பக் கர்வம் என்று பேசிக்கொண்டோம். பிறகு அவர் நாட்டுப்பெண் சொல்லித்தான் தெரிந்தது, அவருக்கு ஒரு காது அடியோடு கேட்காது, மறு காதும் அரைகுறை என்று. வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். நாங்களும் கேட்கவில்லை.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, முதுமையில் வரும் மறதி நோய்க்குக் காரணமாகக்கூடிய, ஆனால் நம்மால் மாற்றக்கூடிய விஷயங்களாக 2020ல் 12ஐயும், 2024ல் 14ஐயும் பட்டியலிட்டது. காது மந்தமும் தனிமையும் இரண்டு பட்டியலிலும் உண்டு. பார்வைக் குறைவு 2024ல் சேர்ந்தது. பதினான்கையும் கவனித்தால் ஏறக்குறைய 45 சதவீத நோயாளிகள் விஷயத்தில் நோயைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியலாம் என்று அது சொல்கிறது. படிப்பு வட்டத்துக்கு வந்தால் மறதி வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. விஞ்ஞானம் படித்தவன் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் காது கேட்காத நண்பரைத் தனிமைக்கு அனுப்பிவைத்தோமே, அது தவறு என்று தெரிந்துகொள்ள எந்த ஆராய்ச்சியும் வேண்டியதில்லை. அவர் இப்போது மகனோடு வேறு ஊரில் இருக்கிறார். போனில் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் அது சரியாக விழுந்ததா என்று தெரியவில்லை.

மறுபடி உயிர் வந்தது எப்படி என்று சொல்கிறேன். 2023 டிசம்பர் முதல் வாரம். மிச்சமிருந்த நான்கு பேரும் ஒருவர் அகத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த அகத்து மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார். "நான் ஒண்ணு கேக்கலாமா? ஜனவரி 17லேயே சனிப் பெயர்ச்சின்னு சொல்லி அர்ச்சனை பண்ணியாச்சு. இப்போ டிசம்பர் 20 திருநள்ளாற்றுல பெயர்ச்சிங்கறா. ஒரே சனி, ஒரே ராசிக்கு, ஒரே வருஷத்துல ரெண்டு தடவை எப்படிப் போவார்? நீங்கள்லாம் படிச்சவா, சொல்லுங்கோ" என்றார்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். ஒருவர் முன்னாள் டைரக்டர். நால்வருமே விழித்தோம். முதல் தடவையாக அந்த வட்டத்தில் "தெரியாது" என்ற வார்த்தை வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் படிப்பு வட்டம் நிஜமாகத் தொடங்கியது என்பேன்.

ஆளுக்கு ஒரு பகுதி எடுத்துக்கொண்டோம். ஜனவரி தேதி திருக்கணிதப்படி, டிசம்பர் தேதி வாக்கியப்படி என்பது முதலில் தெரிந்தது. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களையும் வாக்கியங்களையும் கொண்டு கணிப்பது. அடிப்படை எண்ணில் கடுகளவு பிசகு இருந்தாலும் நூற்றாண்டுகளில் அது சேர்ந்துகொண்டே போகும். கண்ணால் பார்ப்பதோடு கணக்கை ஒத்துப் பார்த்துத் திருத்துவது திருக்கணிதம். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்காகப் பாடுபட்டிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பின் மேகநாத் சாஹா தலைமையில் 1952ல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955ல் அறிக்கை கொடுத்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது.

சனி வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. ஒரு ராசிக்குச் சுமார் இரண்டரை வருஷம். அவ்வளவு மெதுவாகப் போவதால், இடத்தில் சில பாகை வித்தியாசம் வந்தாலே தேதியில் மாதக்கணக்கில் வந்துவிடுகிறது. டிசம்பர் 20 அன்று திருக்கணிதப்படி சனி கும்பத்தில் ஏறக்குறைய 8 பாகை உள்ளே போய்விட்டார். வாக்கியப்படி அன்றுதான் வாசலில் கால் வைக்கிறார். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வானத்தில் அது சுமார் 10 பாகையை மறைக்கும். வித்தியாசம் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

டிசம்பர் 17 மாலை எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம். மாமியும், கூட இன்னும் மூன்று மாமிகளும். தென்மேற்கில் வளர்பிறைச் சந்திரன். அதற்குச் சற்று மேலே கிழக்குப் பக்கமாக மினுக்காமல் ஒரு புள்ளி, சனி. மறுநாள் மாலை பார்த்தால் சந்திரன் சனியைத் தாண்டிக் கிழக்கே போயிருந்தது. அன்று இரவு சந்திரன் சனியைக் கடக்கும் என்று திருக்கணிதம் சொன்னதை எங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். எழுபத்திரண்டு வயதில் அந்த மாமி, "இத்தனை வருஷம் சனிக்கு எள்ளு விளக்கு ஏத்தியிருக்கேன், இன்னிக்குத்தான் அவரைப் பார்க்கறேன்" என்று கைகூப்பினார்.

அனுஷ்டானத்துக்கு எந்தப் பஞ்சாங்கம் என்பதை அவரவர் குடும்ப வழக்கப்படியும், வாத்தியாரைக் கேட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் நாங்கள் தலையிடவில்லை. வானத்தில் சனி எங்கே என்று தெரிந்துகொள்ள மொட்டை மாடி போதும்.

ஜனகர் சபையில் யாக்ஞவல்கியரைக் கேள்வி கேட்ட கார்க்கியைப் பற்றி மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். அதே நேரத்தில் ஆறு மாதம் எங்கள் அகத்துக் கார்க்கிகளைக் காபி கலக்க வைத்திருந்தோம். இன்று எங்கள் வட்டத்தில் பதின்மூன்று பேர். ஆறு பேர் மாமிகள்.

பல ஊர் அன்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எங்கள் ஏற்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் இருந்தாலும் தொடங்கலாம். பதினைந்துக்கு மேல் போனால் இரண்டாகப் பிரிந்துவிடுங்கள். கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். யாருடைய பழைய பதவியும் பேச்சில் வரக் கூடாது. மாமா, மாமி போதும். ஒருவர் இருபது நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது; மீதி நேரம் கேள்விகளுக்கு. பதில் தெரியாத கேள்வியை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வாரத்துக்குள் யார் தேடுவது என்று முடிவு செய்யுங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காது மந்தமானவரைப் பேசுகிறவருக்கு எதிரே, முகம் தெரியும்படி உட்காரவைத்து, மின்விசிறியின் வேகத்தைக் குறையுங்கள். வீட்டுக்காரர் வெறும் தண்ணீர் வைத்தால் போதும். காபி உண்டென்றால் யாரோ ஒருவர் சமையலறையில் நிற்க வேண்டிவரும். ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் நேரில் போய்ப் பாருங்கள். இந்தக் கடைசி விதியை ஒரு நண்பரை இழந்த பிறகுதான் எழுதினோம்.

விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. நாம் குடியேறிய ஊரே ஒரு பாடம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் 1803ல் மராத்தியில் பொறித்த போன்ஸ்லே வம்ச வரலாறு இருக்கிறது. எங்கள் நாக்பூர் போன்ஸ்லேக்கள் வேறு கிளை. அந்த இரண்டு கிளைகளைப் பற்றித்தான் இப்போது படிக்கிறோம். பக்கத்து வீட்டு மராத்தி நண்பர் இருவரும் வருகிறார்கள். அவர்களுக்குத் தஞ்சாவூர் தெரியாது, எங்களுக்கு மராத்தியில் பழைய எழுத்து தெரியாது. அதனால் நன்றாக நடக்கிறது.

என் குறிப்பு முடிந்தது. கோப்பை உங்கள் மேஜைக்கு அனுப்புகிறேன். உடன்பாடு இல்லாதவர்கள் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். சந்தோஷமாக வந்து நிற்பேன்.