களத்து மேட்டில் என்ன மரம் வைக்கலாம்?



2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம்ம கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல். இரண்டிலும் நிழல் மரத்தைப் பறிகொடுத்தவர்கள் வில்லியனூர், பாகூர் பக்கம் நிறையப் பேர். சாய்ந்த இடத்தில் எதை வைக்கலாம் என்றால், சட்டென்று வாயில் வருவது குல்மோகர்தான். சீக்கிரம் வளரும், பூவும் அழகு. ஆனால் அது மடகாஸ்கர் தீவு மரம். வேர் மேலாக ஓடும், கிளை முறியும். மாசி, பங்குனி வெயிலில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். நமக்கு நிழல் வேண்டியது அப்போதுதானே!

என்னைக் கேட்டால் இலுப்பை வையுங்கள் என்பேன். “ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை” என்று சொல்கிறோமே, அதே மரம்தான். ஆணிவேர் ஆழமாக இறங்கும், கட்டை வைரம் பாயும். இதுவும் இலை உதிர்க்கிற மரம்தான். ஆனால் பூவை ஒட்டியே செந்தளிர் விட்டு, கத்திரி வெயிலுக்குள் குடை பிடித்துவிடும். கொட்டையை ஆட்டினால் விளக்கு எரிக்க எண்ணெய் ஆச்சு. புண்ணாக்கை மட்டும் மாட்டுக்கு வைக்காதீங்க, ஆகாது.

ஒரு குறை உண்டு. வளர்த்தி மெதுவு. பூ பார்க்கவே பத்து வருஷம் ஆகலாம். “அதுவரை வெயிலில் நிற்கவா?” என்பீர்கள். முப்பது அடி தள்ளி ஒரு புங்கனையும் வையுங்கள். நாலைந்து வருஷத்தில் கட்டில் போட நிழல் கிடைக்கும். ஏரி ஓரம், தண்ணீர் தேங்குகிற தாழ்வான இடம் என்றால் இலுப்பை வேண்டாம். அங்கே புங்கன் அல்லது நீர்மருதுதான் சரி.

இலுப்பை விதை ஆனி, ஆடியில் விழும். அதை டப்பாவில் போட்டு வைத்தால் முளைப்பு போய்விடும். பொறுக்கிய கையோடு, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். கன்று வாங்குகிறவர்கள் பையில் பல வருஷம் கிடந்ததை வாங்க வேண்டாம். வேர் உள்ளேயே சுருண்டிருக்கும். அப்படிப்பட்ட மரம்தான் காற்றில் முதலில் சாயும்.

ஐப்பசி மழைக்கு முன்னே மூன்றடிக் குழி வெட்டி, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, முதல் மழை இறங்கியதும் நடுங்கள். வீட்டுச் சுவருக்கு முப்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். மேலே மின்கம்பி போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் போதும். ஆடு வாய் வைக்காதபடி சுற்றிலும் முள் கட்டிவிடுங்கள்.