நூற்றுப் பத்துப் பேர் சொன்ன சேதி



1886இல் இந்தப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அவர் ஊரில் பட்டம் வாங்கும் இளம் மருத்துவர்களான உங்களிடம், புற்றுநோய் மருந்துகளின் இரண்டாம் கட்டச் சோதனையை, அதாவது மருந்து பயன் தருமா என்று முதலில் சிறு கூட்டத்திடம் பார்ப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முற்றிப்போன வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவது வழக்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக, வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட்டும் தினம் இருவேளை செலிகாக்சிப்பும் மாத்திரையாகவே கொடுத்தால் என்ன என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சோதித்தார்கள். இரண்டுமே விலை மலிந்த பழைய மருந்துகள். புகையிலை போட்டு வாய் புண்ணாகி, அன்றாடக் கூலியை விட்டு மணமேல்குடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு, டிரிப் ஏற்றப் படுத்துக்கிடக்கும் நாள் மிச்சமாவது சின்ன விஷயமா?

110 பேரிடம் நடந்த அந்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2015இல் வந்தது. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்கு 152 நாள், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 249 நாள். மூன்று மாதத்துக்கு மேல் லாபம்! டாடா மருத்துவர்கள் அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெருமை. 422 பேரிடம் மூன்றாம் கட்டத்தை நடத்தினார்கள். 2020இல் கிடைத்த விடை சிஸ்பிளாட்டினுக்கு 6.1 மாதம், மாத்திரைக்கு 7.5 மாதம். லாபம் ஆறு வாரமாகக் குறைந்தது; ஆனால் அது நிஜமென்று உறுதியானது, கடுமையான பக்கவிளைவும் குறைந்திருந்தது.

எல்லா மருந்துக்கும் இப்படி வாய்ப்பதில்லை. மென்திசுப் புற்றுநோயான சர்கோமாவுக்கான ஓலராட்டுமாப், 133 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் கிட்டத்தட்ட ஒரு வருட ஆயுளைக் கூட்டியதாகத் தெரிந்தது. 2016இல் அமெரிக்கா விரைவு அனுமதி தந்தது. ஐந்நூறு பேருக்குமேல் சோதித்தபோது அந்தப் பயன் தென்படவே இல்லை. சிறு கூட்டத்தில் உடல்தெம்புள்ள நாலு பேர் ஒரு பக்கம் கூடிவிட்டாலே கணக்கு மாறிவிடும். கட்டி சுருங்கியது என்றால் ஆயுள் நீண்டது என்றும் ஆகிவிடாது.

அதற்காக இரண்டாம் கட்டச் சோதனைகளை அலட்சியம் செய்யாதீர்கள். பயனற்ற மருந்துகள் பல இங்கேயே நின்றுபோவதால், நூற்றுக்கணக்கானோர் வீண் அவதியிலிருந்து தப்புகிறார்கள்.

நாளை புது மருந்து பற்றிய செய்தித்தாள் துண்டோடு நோயாளி ஒருவர் உங்கள் முன் உட்காருவார். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், நீண்டது ஆயுளா என்று அவருக்கு விளக்குங்கள். சோதனையில் சேர அவரே விரும்பினால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.